பாலாற்றங்கரையில் பதினைந்து படுக்கைகள்

புண்ணும் மருந்தும் – 11

கடந்த அத்தியாயத்தில் 1537ஆம் ஆண்டு இத்தாலியப் போர்முனையில் அம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு இளைஞரைச் சந்தித்தோம். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதுதான் அன்றைய வைத்தியம். எண்ணெய் தீர்ந்துபோன ஒரு நாளில், முட்டைக் கருவையும் ரோஜா எண்ணெயையும் டர்பன்டைனையும் குழைத்துப் பூசிவிட்டு, இரவெல்லாம் கவலையில் கிடந்தார் பாரே. விடிந்ததும் போய்ப் பார்த்தால், எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடித்தார்கள். களிம்பு பூசப்பட்டவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார்கள். ஒரு கேள்வியோடு அந்த அத்தியாயத்தை நிறுத்தினோம். போர்முனையில் ஒருவர் கற்றுக்கொண்ட வைத்தியம், போரையே பார்க்காத ஊருக்கு எப்படி வந்து சேர்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரம், செங்கல்பட்டு என்று பாலாற்றை ஒட்டியே நடந்தால் போதும். போர்கள் பலவற்றைப் பார்த்த நிலம் இது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வைத்திய வரலாறும் இதே ஆற்றங்கரையில் எழுதப்பட்டிருக்கிறது.

மெய்க்கீர்த்திக்குக் கீழே

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அவ்வூர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டை அறிந்தவர்கள் குறைவு. குடவோலைக்கு இணையாகப் பிள்ளைகள் படிக்க வேண்டிய சாசனம் அது. 1060களின் இறுதியில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை முழுமையாகப் பதிப்பித்தார்.

வீரராசேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். அந்த ஆட்சியில் பெரும்பகுதி சாளுக்கியரோடு நடந்த போரிலேயே கழிந்தது. கூடல்சங்கமத்தில் ஆகவமல்லன் சோமேசுவரனின் படைகளை முறியடித்தது அவனுடைய மெய்க்கீர்த்தியில் விரிவாக இருக்கிறது. ஆகவமல்லனை ஐந்து முறை புறங்கண்டவன் என்பது அவன் சூடிக்கொண்ட பெருமை. கொல்லப்பட்ட தண்டநாயகர்கள், கைப்பற்றிய யானைகள், சிறைபிடித்த பெண்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. சாமுண்டராயன் என்ற சாளுக்கியத் தண்டநாயகனின் தலையை வெட்டியதும், அவனுடைய ஒரே மகள் நாகலையின் மூக்கை அறுத்ததும்கூட வெற்றிகளின் வரிசையில் சேர்ந்திருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ள மணிமங்கலம் கோயில் கல்வெட்டில் அதைப் படிக்கலாம்.

இப்படிப்பட்ட அரசனின் ஆட்சியில்தான் திருமுக்கூடலில் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடந்தது. அதற்கு ‘வீரசோழன் ஆதுலசாலை’ என்று பெயர். ஆதுலர் என்றால் நோயாளிகள். கோயிலின் ஜனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், கோயில் பணியாளர்களுக்கும் நோய் வந்தால் படுத்துச் சிகிச்சை பெறும் இடம் அது. அந்த மண்டபத்தை எழுப்பியவர் மாதவன் தாமயன் என்ற வணிகர். கோயிலுக்கு உரிய வயலைக்காவூரின் வருவாயிலிருந்து செலவுகள் நடந்தன. அந்த ஊர் வயலக்காவூர் என்ற பெயரில் உத்திரமேரூர் வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது.

இந்தக் கல்வெட்டின் அருமை அதன் கணக்கில் இருக்கிறது. யாருக்கு என்ன வேலை, என்ன கூலி என்று நெல்லளவோடு எழுதிவைத்திருக்கிறார்கள். தலைமை வைத்தியர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், அதாவது ஆண்டுக்கு 90 கலம். அதோடு 8 காசு. சல்லியக்கிரியை பண்ணுபவருக்கு, அதாவது அறுவை செய்பவருக்கு, 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து செய்ய உதவும் இருவருக்கும் தலா 30 கலம், ஒரு காசு. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து மருந்து காய்ச்சும் பெண்கள் இருவருக்குத் தலா 15 கலம், அரைக் காசு. நாவிதருக்கு 15 கலம். நோயாளி ஒருவருக்கு நாளுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுக்க எரியும் விளக்குக்குத் தனியாக எண்ணெய்.

மருந்துகளும் பெயர் பெயராக வருகின்றன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, வில்வாதி கிருதம், பலாகேரண்ட தைலம், மண்டூகரவடிகம், வஜ்ரகல்பம், கல்யாணலவணம், புராண கிருதம் என்று ஏறத்தாழ இருபது வகை. தேவைப்படும்போது தேடி ஓடாமல் ஓர் ஆண்டுக்கான மருந்தை முன்கூட்டியே செய்து வைப்பதற்கான ஏற்பாடு அது.

இது படைவீரர்களுக்கான மருத்துவமனை என்று எண்ணிவிடக் கூடாது. கல்வெட்டில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அங்கே சம்பளம் வாங்கிய சல்லியக்காரரின் தொழில் படுகளத்தில் வளர்ந்தது. சல்லியம் என்பது உடலில் தைத்த அம்பு போன்ற பொருள். அதைப் பிடுங்கிப் புண்ணை ஆற்றுவதே ஆதியில் அந்தத் தொழிலின் பொருள். சுசுருத சங்கிதையில் படையோடு செல்லும் வைத்தியருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அரசனின் கூடாரத்துக்கு அருகிலேயே வைத்தியரின் கூடாரம் இருக்க வேண்டும். அம்பு தைத்தவரும் நஞ்சுண்டவரும் தொலைவிலிருந்தே கண்டு வரும்படி அதன்மேல் கொடி பறக்க வேண்டும். பகைவர் நஞ்சு கலந்திருக்கக்கூடிய கிணற்றையும் தீவனத்தையும் அவர் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழிலும் சான்று உண்டு. பதிற்றுப்பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடிய பரணர், வீரர்களின் புண்ணைத் தைக்கும் வெள்ளூசியின் ஓட்டத்துக்கு, மீனைக் குறிவைத்து நீரில் பாய்ந்தெழும் சிரல் பறவையை உவமை சொல்கிறார். ஊசி உள்ளே போய் வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவரின் கண் அது.

படுகளத்தில் பழகிய அந்தக் கை, திருமுக்கூடலில் இலக்கணம் படிக்கும் பையனின் கட்டியைக் கீறியிருக்கும். மடைப்பள்ளிப் பணியாளரின் வெட்டுக் காயத்தைத் தைத்திருக்கும். நிலமும் நெல்லும் ஆள் நியமனமும் சேர்ந்துதான் அந்த மாற்றத்தைச் செய்தன. இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். வைத்தியரின் பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன. அவருடைய கூலியில் மூன்றில் ஒரு பங்கு பெற்ற அறுவைக்காரரின் பெயர் இல்லை. மருந்து காய்ச்சிய பெண்களின் பெயரும் இல்லை. கையால் செய்பவருக்குக் குறைந்த கூலியும் குறைந்த மதிப்பும் தருவது உலகமெங்கும் இருந்த வழக்கம். பாரேயும் நாவிதத் தொழிலிலிருந்து வந்தவர்தான்.

அறுந்த மூக்கு சொன்ன பாடம்

நாகலையின் மூக்கிலிருந்து ஏழு நூற்றாண்டு தாண்டி வருவோம். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கினார்கள். திப்புவின் ராக்கெட்டுகள் வெடிமருந்து வண்டிகளைத் தகர்த்தன. பிழைத்தவர்கள் புண்ணோடும் விலங்கோடும் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறைக்குப் போனார்கள். மைசூர்ப் போர்கள் அத்தோடு முடியவில்லை. 1792 போரில், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள்.

ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமல் இருந்த காவஸ்ஜிக்குப் புனே அருகே குயவர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு செய்து கொடுத்தார். மெழுகில் மூக்கின் வடிவம் பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டார். கோட்டின் வழியே தோலைச் சீவினார். புருவங்களுக்கு நடுவே மட்டும் தோல் அறுபடாமல் ஒட்டியிருக்கும்படி விட்டு, அதைத் திருப்பி மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். அந்த ஒட்டின் வழியாக ரத்தம் ஓடியதால் தோல் சாகவில்லை. சுசுருதர் கன்னத்துத் தோலைக் கொண்டு செய்யச் சொன்ன முறையின் வழிவந்த கலை இது. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் கையில் வாழ்ந்தது. சிகிச்சையை இரண்டு ஆங்கில மருத்துவர்கள் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்தோடு செய்தி வந்தது.

அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ பல ஆண்டுகள் பிணங்களில் பழகி, 1814இல் லண்டனில் ஒரு ராணுவ அதிகாரிக்கு அதே முறையில் மூக்கு அமைத்தார். 1816இல் அதை நூலாக வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து முதல் உலகப்போரில், பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியவர்களின் முகங்கள் சிதைந்தபோது, ஹெரால்டு கில்லீஸ் என்ற மருத்துவர் சிட்கப் நகரில் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு முகம் திருத்தினார். 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள். ஒட்டறுவை சிகிச்சை தனித் துறையானது அங்கேதான். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இன்று ஓர் ஏழைப் பெண்ணின் வெந்த கழுத்துக்குத் தோல் ஒட்டுகிறார்கள் என்றால், அந்தக் கைகளுக்குப் பின்னால் சிட்கப்பும் இருக்கிறது, பெயர் பதிவாகாத அந்தக் குயவரும் இருக்கிறார்.

பாளையத்திலிருந்து கிராமத்துக்கு

அறுவைக் கத்தியை விட அதிக உயிர்களைக் காத்தது சுத்தமான தண்ணீர். அதையும் போரே கற்றுக்கொடுத்தது. 1854இல் கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போன பிளாரன்ஸ் நைட்டிங்கேல், குண்டுபட்டுச் சாகிறவர்களை விடக் கழிவும் நெரிசலும் கொன்றவர்களே அதிகம் என்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். பிறகு இந்தியாவின் பக்கம் திரும்பினார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்று 1863இல் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை சொன்னது. பெரும்பாலோரைக் கொன்றவை காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அந்த அறிக்கையின் விளைவாக 1864இல் மதராஸ் மாகாணத்துக்கும் ஒரு சுகாதார ஆணையம் அமைந்தது.

ஆனால் யாருக்காக? முதலில் படைக்காக. பல்லாவரம், பரங்கிமலை போன்ற பாளையங்களில் கிணறு காக்கப்பட்டது, வடிகால் வெட்டப்பட்டது. அந்த அக்கறை உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவனின் குளத்தை எட்டவில்லை. 1939இல்தான் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம் அதுவே. ஆணையத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 75 ஆண்டுகள். இந்த இடைவெளியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வழி தெரியாததால் இழந்த உயிர்கள் அல்ல அவை. வழி தெரிந்த பிறகும், அந்த வழி தங்களுக்கானது என்று யாரும் கருதாததால் இழந்தவை.

இரண்டாம் உலகப்போர் அந்த எண்ணத்தை அசைத்தது. குண்டுவீச்சில் காயப்படும் பொதுமக்களுக்காக பிரிட்டன் தன் மருத்துவமனைகளை அரசின் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் 1948இல் அந்நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவை எழுந்தது. இந்தியாவிலும் போர் நடந்துகொண்டிருந்த 1943 அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சென்னையின் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர். பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக ஒருவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்து அந்தக் குழு 1946இல் அறிக்கை தந்தது. முதற்கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அதன் பரிந்துரை. 1952 முதல் அவை கிராமங்களில் முளைத்தன. வாலாஜாபாத்திலோ சாலவாக்கத்திலோ ஒரு கர்ப்பிணிப் பெண் இன்று ரத்த அழுத்தம் பார்க்க நடந்துபோகும் கட்டடத்தின் மூல வரைபடம், உலகம் எரிந்துகொண்டிருந்தபோது வரையப்பட்டது.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

ஆற்றோடு கீழே இறங்கினால் செங்கல்பட்டு. ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருந்தது. அந்த மாவட்டத்தில் தொழுநோய் மிக அதிகம். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955 முதல் அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லாத காலத்தில், 1940களில் சல்போன் மருந்துகளை அங்கே முன்னோடியாகக் கையாண்டவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன்.

1947இல் அவர் ஓர் இளம் அறுவை மருத்துவரைத் திருமணிக்கு அழைத்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட். லண்டனில் ஜெர்மானிய விமானங்கள் இரவிரவாகக் குண்டு போட்ட நாட்களில், இடிபாட்டிலிருந்து தூக்கிவரப்பட்டவர்களைத் தைத்துத் தைத்து அறுவை கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தார். திருமணி வளாகத்தில் நடந்தபோது மடங்கி நகம் போலாகிவிட்ட விரல்களைக் கண்டார். எலும்பு, மூட்டு மருத்துவர் யாராவது இவர்களைப் பார்ப்பதுண்டா என்று கேட்டார். ஒருவர்கூட இல்லை என்ற பதில் அவரை உலுக்கியது. ஒரு நோயாளியிடம், என் கையை உங்களால் முடிந்தமட்டும் இறுக்கிப் பிடியுங்கள் என்றார். செத்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட அந்தக் கையின் பிடி பிராண்டுக்கு வலித்தது.

வலிமை இருக்கிறது என்றால் தசை இருக்கிறது. நோய் தாக்கியது சில நரம்புகளை மட்டும். விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலற்றுப் போயிருந்தன. முன்கையின் பெரிய தசைகள் நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து வேறு வழியாக விரலுக்குக் கொண்டுபோய்த் தைத்தால் விரல் நிமிரும். இந்த வித்தை போரில் வளர்ந்தது. முதல் உலகப்போரில் குண்டு பாய்ந்து கை நரம்பு அறுந்த சிப்பாய்களுக்காக ஸ்காட்லாந்தின் ஹெரால்டு ஸ்டைல்ஸ் இதைச் செய்தார். இரண்டாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் கை சிகிச்சை மையங்களை உருவாக்கிய ஸ்டெர்லிங் பன்னல் அதை வளர்த்தெடுத்து, 1944இல் கை அறுவை சிகிச்சைக்கென்று பெரிய நூலே எழுதினார். பிராண்ட் அங்கிருந்து தொடங்கி, தொழுநோயாளியின் கைக்கு ஏற்ப முறையை மாற்றினார். 1940களின் முடிவுக்குள் வேலூரில் முதல் கைகள் திறந்தன.

கை திறந்தால் மட்டும் போதவில்லை. ஊருக்குத் திரும்பினவருக்கு வேலை தர ஆளில்லை. வலி தெரியாத விரல்கள் மீண்டும் சுட்டுக்கொண்டன, வெட்டிக்கொண்டன. விரல் அழுகி விழுவதற்கு நோய் நேரடிக் காரணமல்ல, வலி தெரியாததே காரணம் என்பதை பிராண்டும் தோழர்களும் அன்றாடக் கவனிப்பில் நிறுவினார்கள். அதனால் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கித் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். பாதத்தில் புண் வராமலிருக்க மெத்தென்ற ரப்பரில் எம்.சி.ஆர். செருப்பு செய்தார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மருத்துவர் இன்று எழுதிக்கொடுக்கும் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். சிப்பாயின் நரம்புக் காயத்திலிருந்து தொழுநோயாளியின் கைக்கும், அங்கிருந்து சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அறிவு நடந்து வந்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்த கை அறுவை சிகிச்சைப் பிரிவில், கரும்பு ஆலையிலும் இயந்திரத்திலும் சிக்கி நசுங்கிய எத்தனையோ கூலித் தொழிலாளர்களின் கைகள் மீட்கப்பட்டன. ஒரு நாற்று நடும் கையை மீட்பது ஒரு குடும்பத்தையே மீட்பது.

ஆற்காட்டு ரங்கராஜ்

தன் பெயரின் முன்னெழுத்திலேயே ஆற்காட்டைச் சுமந்த ஒரு படை மருத்துவரையும் இங்கே நினைக்க வேண்டும். லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கி ஏந்திய படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் அவர் தலைமையில் அது பூசான் துறைமுகத்தில் இறங்கியது.

அடுத்த மாதமே பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்க, வண்டி இல்லாததால் மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். ரங்கராஜின் ஆட்கள் கைவிடப்பட்ட ரயில் என்ஜின் ஒன்றையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பாலங்கள் தகர்க்கப்படும் முன் கருவிகள் அனைத்தோடும் தெற்கே வந்து சேர்ந்தார்கள். பிரிவின் ஒரு பகுதி தேகு நகரில் தங்கிக் கொரியப் பொதுமக்களுக்குச் சிகிச்சை தந்தது. அங்குள்ள மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. 1954 வரை ஏறத்தாழ 2 லட்சம் பேர் அந்தப் பிரிவிடம் சிகிச்சை பெற்றார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டார். போரில் பழகிய ஒழுங்கும் துணிவும் நோய் ஒழிப்புக்குப் பயன்பட்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1971 வங்கதேசப் போரிலும் இதே கதை. எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகாலனோபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். சோதனைக்கூடத்தில் நிரூபணமாகியிருந்த குளுக்கோஸ், உப்பு, சோடா உப்புக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, தாய்மாரே பிள்ளைகளுக்குப் புகட்டும்படி விட்டார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. நம் ஊர் அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த முகாமில் தேர்வு எழுதி வென்றது.

எது நிலைக்கிறது?

2021 டிசம்பர் 18 அன்று, உத்திரமேரூருக்குத் தெற்கே அதிக தூரமில்லாத மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை இலவசம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவி பார்க்காமல் காயத்தின் கடுமை பார்த்து முதலில் யாரைத் தூக்குவது என்று முடிவுசெய்தார். கொரியாவிலும் வியட்நாமிலும் ஹெலிகாப்டர்கள் காயம்பட்டவருக்கும் அறுவை மேசைக்கும் இடையிலான நேரத்தைச் சுருக்கின. 2008இல் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் அந்தப் பாடத்தைத் திருச்சி நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, போர் மருத்துவத்துக்கு நன்மை செய்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான புண்களை மருத்துவர் முன் கிடத்துவதால் போர் அவரைக் கற்க வைக்கிறது, அவ்வளவுதான். கற்றதை ஊருக்குக் கொண்டுவருவதற்கு வேறொன்று வேண்டும். திப்புவின் போரில் மூக்கு இழந்தவர் ஒரு குயவரின் குடும்பக் கலையால் மீண்டார். ஆனால் அந்தக் கலையை இங்கே எந்த நிறுவனமும் தாங்கிப் பிடிக்கவில்லை, அது லண்டனுக்குப் போய்த்தான் பாடநூல் ஆனது. படைக்குக் கிடைத்த சுத்தமான தண்ணீர் கிராமத்துக்கு வரச் சட்டம் தேவைப்பட்டது. பன்னலின் அறுவை முறை தொழுநோயாளியை எட்ட வேலூரில் ஒரு மருத்துவமனையும் செருப்புத் தைக்கும் பட்டறையும் தேவைப்பட்டன.

திருமுக்கூடல் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவமனை நடக்க நிலையான வருவாய் வேண்டும். வைத்தியருக்கும் அறுவைக்காரருக்கும் செவிலியருக்கும் மூலிகை பறிப்பவருக்கும் தவறாமல் கூலி வேண்டும். ஆண்டு முழுமைக்கும் மருந்து இருப்பில் இருக்க வேண்டும். இரவிலும் விளக்கு எரிய வேண்டும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மாவட்டக் கிடங்குகளில் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, நம் மாநிலம் அந்தப் பழைய ஏற்பாட்டையே பெரிய அளவில் செய்தது. நாடு முழுவதும் அதைப் பார்த்துக் கற்றது.

அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரப்பப்படாத ஒரு செவிலியர் இடத்தைச் சின்ன விஷயமாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனையோ போர்களில் எத்தனையோ பேர் உடலால் விலை கொடுத்துப் பெற்ற அறிவு, அந்த ஒரு காலியிடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அந்தச் செவிலியரையும் மருந்தாளுநரையும் தினக்கூலிக் கணக்கில் வைக்காமல் நிலையான ஊதியத்தில் வைப்பதும், அவர்கள் பெயரைப் பதிவேட்டில் மரியாதையோடு எழுதுவதும், பதினோராம் நூற்றாண்டில் விட்டுப்போன குறையைச் சரிசெய்வதும்தான். கிராமசபைக் கூட்டத்தில் சாலையையும் தெருவிளக்கையும் கேட்கும் குரலோடு இதையும் கேட்க வேண்டும். வாரியம் வைத்து ஏரியைக் காத்த ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமை புதிதல்ல.

அடுத்த அத்தியாயத்தில்: 1914இல் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிய நாட்களில், மதராஸ் மாகாண மக்களின் நன்கொடையில் கடலுக்குப் போன ‘மதராஸ்’ என்ற மருத்துவக் கப்பலின் கதை.